செலவே இல்லாத மனுஷன்

ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க சார். எனக்கு எதிர்காத்து ஆகாது, காது அடைச்சுக்கும். பையை மேலே போட வேண்டாம், மடியில வச்சுக்கங்க. மேலே போட்டா செக்கானூரணி வளைவுல யார் மண்டையிலயாவது விழும். தேனியா போறீங்க? நல்லது. நான் உங்களுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். உசிலம்பட்டி தாண்டி, கணவாய்க்கு முன்னாடி, மொட்டப்பாறை விலக்குன்னு ஒரு நிறுத்தம். அதான் என் ஊர். பேர் வீரணன். புரோட்டா மாஸ்டர் வீரணன்னா உசிலம்பட்டியில இன்னைக்கும் நாலு பேருக்குத் தெரியும்.

என் வீட்டம்மா பஞ்சவர்ணம் ஊர்லதான் இருக்கா. ஒரு வருஷம் ஆச்சு பார்த்து. கதவைத் திறந்து உள்ளே விடுறாளா, இல்லை வாசலோட அனுப்புறாளான்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும். அது கிடக்கட்டும். நீங்க என்னமோ கேட்டீங்களே?

ஆமா சார், இந்த ஒரு பைதான். இதோடதான் ஒன்பது வருஷம். சூரத்து, கோலாப்பூர், ஹொஸ்பேட்டை, காசி, கயா, இங்கிட்டு மங்களூரு, கொல்லூரு. ஒரு லுங்கி, ரெண்டு சட்டை, ஒரு துண்டு, தட்டு, டம்ளர், ஒரு போர்வை. செலவுக்கு என்ன பண்ணுவேன்னுதானே கேக்கிறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க. கேக்கிறதோட நிக்க மாட்டாங்க, அவங்களே ஒரு பதிலையும் வச்சுக்குவாங்க. மகன் துபாய்ல இருந்து அனுப்புறான்னு ஒருத்தன். எனக்கு மகனே கிடையாது, ஒரே ஒரு பொண்ணு, தவமணி. திருப்பூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. இன்னொருத்தன், கோயில் கோயிலா அன்னதானத்துல கை நனைக்கிறவன்கிறான். ரயில்ல டிக்கெட் எடுக்காம கக்கூஸ் பக்கத்துல உக்காந்து போறவன்கிறான். எங்க ஊர் டீக்கடைக்காரன் இருக்கான் பாருங்க, அவன் சொல்றான், நான் வடக்கே கஞ்சா கடத்துறேனாம். சிரிக்காதீங்க சார், நிஜமா சொன்னான். இந்த முழங்கையைப் பாருங்க, இத்தனை வருஷம் மைதா மாவு அடிச்ச கை. இது கடத்துற கையா?

விஷயம் அதுல எதுவுமே இல்லை. ஊர் சுத்துறதுக்குச் செலவே இல்லை சார். வீட்டுல இருக்கிறதுக்குத்தான் செலவு.

யோசிச்சுப் பாருங்க. வீட்டுல இருந்தா கரண்ட்டு பில்லு. கூரை ஒழுகுதும்பாங்க. காதுகுத்துக்கு மொய், கல்யாணத்துக்கு மொய், பங்காளி வீட்டுப் பொண்ணு சடங்குக்குச் சீர். ஆடி வந்தா ஒண்ணு, தீபாவளி வந்தா பத்து. ஆஸ்பத்திரி. தலைவலி தைலம். மருமகன் வந்தா கறி எடுக்கணும். இது எதுவுமே ரோட்டுல இருக்கிறவனுக்குக் கிடையாது. மொய் வைன்னு காசி வரைக்கும் எவன் வந்து கூப்பிடப் போறான்?

டூர் போறவன் செலவழிப்பான், அது நிஜம். நாலு நாள்ல எட்டு ஊரு பார்க்கணும்னு ஓடுவான், லாட்ஜுல படுப்பான். நான் ஓடுறதே இல்லை. ஒரு ஊருக்குப் போனா மூணு மாசம் அசைய மாட்டேன். எந்த ஊர்லயும் நம்ம ஆளுக ஓட்டல் ஒண்ணு இருக்கும். சாயங்காலம் கல்லு முன்னாடி நாலு மணி நேரம் நின்னு கொடுப்பேன். சாப்பாடு, படுக்க இடம் அவன்து. கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுப்பான். பகல் பூரா எனக்குச் சொந்தம். ஆத்தங்கரையில உக்காந்திருப்பேன். மனசு நிறைஞ்சதும் கிளம்பிடுவேன். டிக்கெட் கரெக்டா எடுப்பேன் சார். இறங்குற இடத்துக்கு ஒரு ரூபா குறைச்சும் எடுக்க மாட்டேன், கூட்டியும் எடுக்க மாட்டேன். சில பேர் இருக்கான், எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு நிறுத்தம் தள்ளி எடுப்பான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. காசைக் காத்துல விடுறதுக்குப் பேர்தான் அது.

ஒன்பது வருஷத்துல யார்கிட்டயும் கை நீட்டினது இல்லை. அதை மட்டும் எழுதி வச்சுக்கங்க.

ஏன் கிளம்பினேன்னா? இருபத்தாறு வருஷம் அந்தக் கல்லு முன்னாடி நின்னேன் சார். தீபாவளிக்கும் நின்னேன், எங்கப்பா செத்த பதினாறாம் நாளும் நின்னேன். நெஞ்சு மயிரெல்லாம் பொசுங்கிப் போச்சு. மகளைக் கட்டிக் கொடுத்த அன்னைக்குப் பந்தல்ல உக்காந்து நினைச்சேன், சரி, நம்ம சோலி முடிஞ்சுது, இனி நாலு ஊரைப் பார்ப்போம்னு. தொண்ணூறு நாள் கழிச்சுக் கிளம்பிட்டேன். கல்யாணத்துக்கு நகையை அடகு வச்சது, அரிசிக்கடை பாக்கி, அது இதுன்னு கொஞ்சம் இருந்தது. அதெல்லாம் பஞ்சவர்ணம் பார்த்துக்கிட்டாள். அவ கெட்டிக்காரி சார். நூறு நாள் வேலைக்குப் போவாள். மத்த நாள்ல பூக் கட்டுவாள். விடியக்காலம் உசிலம்பட்டி போய் மல்லி மொட்டு வாங்கியாந்து, கட்டி, எங்க விலக்குல பஸ் நிக்கிறப்ப ஜன்னல் ஜன்னலாப் போய் வித்துடுவாள். அவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. சும்மா இருக்கத் தெரியாது அவளுக்கு.

கூட்டிக்கிட்டுப் போகலையான்னா கேக்கிறீங்க? கேட்டேனே. ஒரு தடவை கேட்டேன். "நீயும் வர்றியா?"ன்னேன். "நானும் வந்துட்டா இங்க யாரு இருக்கிறது?"ன்னாள். வர இஷ்டமில்லைன்னு விட்டுட்டேன். நாம ஒருத்தரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுல்ல?

ஆனா ஒண்ணு சார், எங்கே இருந்தாலும் மாசி மாசம் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்துடுவேன். எட்டு நாள் இருப்பேன். வரும்போது வெறுங்கையோட வந்தது கிடையாது. காசித் தீர்த்தம் கொண்டாருவேன், கயாவுல இருந்து ஒரு தடவை கல்லு வளையல் கொண்டாந்தேன். அந்த எட்டு நாளும் எனக்கு ராஜ உபசாரம். கறிக்குழம்பு என்ன, கருவாட்டுத் தொக்கு என்ன. எட்டு நாளைக்கு அவ பூ விக்கப் போக மாட்டாள். புருஷன்னா அப்படி ஒரு மரியாதை. இல்லைன்னு சொல்லக் கூடாது.

இப்படி இருந்தவ என்னைப் பண்ணின காரியத்தைக் கேளுங்க.

போன வருஷ மாசி. வந்து ஆறு நாள் ஆச்சு. காலையில தோசை வச்சுக்கிட்டே சொன்னாள்: "இன்னைக்கு வி.ஏ.ஓ. வருவாரு, ஒரு விசாரணை. நீங்க பத்து மணிக்குக் கண்மாய்ப் பக்கம் போயிட்டு வாங்களேன். பதினொண்ணுக்குள்ள அவர் போயிடுவாரு."

"என்ன விசாரணை?"

"பொம்பளைக சமாச்சாரம். உங்களுக்கு எதுக்கு?"

சரி, மகளிர் குழு, லோன் கீன்னு ஏதாவது இருக்கும்னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனேன். கண்மாய்க்குப் போகல, டீக்கடைக்குப் போனேன். அங்கே அந்தப் பய, என்னைக் கஞ்சா கடத்துறவன்னு சொன்ன பய, கிளாஸைக் கழுவிக்கிட்டே கேக்கிறான்: "என்ன மாமா, நீங்க இங்க உக்காந்து டீ குடிக்கிறீங்க. அங்க உங்களைக் கைவிட்டுப் போனவர்னு எழுதிக்கிட்டு இருக்காங்க."

எனக்கு விளங்கல. அவனே விளக்கினான். புருஷன் கைவிட்ட பொம்பளைகளுக்கு கவர்மெண்ட்டு மாசாமாசம் ஏதோ கொடுக்குதாம். பஞ்சவர்ணம் அதுக்கு எழுதிப் போட்டிருக்காளாம். அவளுக்கு முட்டித் தேஞ்சு போச்சாம், ஏறி இறங்கிப் பூ விக்க முடியலையாம், அதுக்காகவாம்.

டீயை அப்படியே வச்சுட்டேன் சார். கைவிட்டவனா? நானா? நான் என்ன இன்னொருத்தியைச் சேர்த்துக்கிட்டேனா? குடிச்சேனா, அடிச்சேனா? மாசம் ஒரு தடவை போன் பண்ணி "நல்லாருக்கியா?"ன்னு கேக்கிறவன் கைவிட்டவனா? முட்டி வலி யாருக்கு இல்லை? எனக்கு இல்லையா? நடந்தா சரியாயிடும். நான் நடக்கலையா!

விறுவிறுன்னு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு வி.ஏ.ஓ. உக்காந்திருக்கார், சின்ன வயசுக்காரர். பக்கத்து வீட்டு ஒச்சம்மா நின்னு சாட்சி சொல்லிக்கிட்டு இருக்கா. இடுப்புல கை வச்சுக்கிட்டு, ரொம்ப உருக்கமா: "எட்டு வருஷமாச்சுங்கய்யா. அந்த ஆளு இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலை."

"நேத்து ராத்திரி இதே வீட்டுலதானே படுத்தேன், ஒச்சம்மா! நீதானே காலையில என்கிட்ட வந்து 'வீரண்ணே, சூரத்துல சேலை என்ன விலை?'ன்னு கேட்ட!"

வி.ஏ.ஓ. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா யாரு?"ன்னு பஞ்சவர்ணத்தைக் கேட்டார்.

அவ என்னைப் பார்த்தாள் சார். இப்படி ஒரு பார்வை பார்த்தாள். போயிடுங்கன்னு சொல்ற பார்வை. நான் நகரல. அவ சொல்றா: "ஒறமொறைங்க. சாமி கும்பிட வந்திருக்காரு."

ஒறமொறை! முப்பத்தொரு வருஷம் முன்னாடி தாலி கட்டினவன் ஒறமொறை! சாமி கும்பிட வந்த விருந்தாளி! உங்க வீட்டம்மா உங்களை அப்படிச் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும் சார்? சொல்லுங்க. நான் உள்ளே போனேன், சுவத்துல மாட்டியிருந்த கல்யாண போட்டோவை ஆணியோட பிடுங்கிக்கிட்டு வந்து அவர் மடியில வச்சேன். ஆதார் கார்டை எடுத்து அதுக்கு மேலே வச்சேன். "பாருங்க சார். வீரணன், கணவர். விலாசத்தைப் படிங்க. இந்த வீடுதானே?"

அந்தப் பையன் ரொம்பத் தன்மையாத்தான் கேட்டார். "ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இவங்ககூட இருக்கீங்களா? இவங்களைக் காப்பாத்துறீங்களா?" அந்த "யோசிச்சு"ங்கிறதை ரெண்டு தடவை சொன்னார். நான் எதுக்கு யோசிக்கணும்? வாசல்ல அதுக்குள்ள இருபது பேர் கூடிட்டாங்க. டீக்கடைக்காரன்கூட கடையை விட்டுட்டு வந்து நிக்கிறான்.

"கூடத்தான் இருக்கேன்"ன்னேன். "நான்தான் காப்பாத்துறேன்"ன்னேன்.

எழுதினார். "மனுதாரர் தன் கணவருடன் வசித்து வருகிறார், கணவரின் பராமரிப்பில் உள்ளார்." எனக்குப் படிக்க வராது சார், கையெழுத்து மட்டும்தான் போடுவேன். வாசிச்சுக் காட்டச் சொன்னேன். வாசிச்சார். கேக்க நல்லா இருந்துச்சு. "இன்னொரு தடவை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிங்க"ன்னேன். வாசிச்சார். கையெழுத்துப் போட்டேன். ஊரே பார்த்துச்சு. போன மானம் வந்துச்சு.

உசிலம்பட்டி வந்துடுச்சு. இங்கே அஞ்சு நிமிஷம் நிப்பான். டீ வேணுமா சார்? வேண்டாமா? நல்லதுதான், பஸ் ஸ்டாண்டு டீயில காசு வீணாப் போகும்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு கேக்கலையே நீங்க. சண்டை போட்டிருப்பாள்னு நினைக்கிறீங்க. ஒண்ணும் இல்லை. ஆணி பிடுங்கின இடத்துல சுவரு பேந்து கிடந்ததைக் கூட்டி அள்ளினாள். மத்தியானம் சோறு போட்டாள், ரசம் ஊத்தினாள். அப்பளம்கூட இருந்துச்சு. நான் கை கழுவும்போது கேட்டாள்: "எத்தனை நாள் இருப்பீங்க?"

"நாளன்னைக்குக் கிளம்பணும். ஹொஸ்பேட்டையில ஓட்டல்காரன் வரச் சொல்லியிருக்கான்."

"சரி"ன்னாள்.

அவ்வளவுதான் சார். அந்த "சரி"யோட சரி. கிளம்புற அன்னைக்கு வழக்கமா எலுமிச்சஞ்சோறு கட்டிக் கொடுப்பாள், வாழை இலையில. அன்னைக்கு இலை இல்லை, சோறும் இல்லை. ஆள் பூ விக்கப் போயிட்டாள். நான் விலக்குக்கு வந்து பஸ் ஏறினேன். அதே பஸ்ஸுக்குத்தான் அவளும் பூ வித்துக்கிட்டு வந்தாள். என் ஜன்னலைத் தாண்டிப் பின் ஜன்னலுக்குப் போயிட்டாள்.

அதுக்கு அப்புறம் போன் எடுக்கிறதில்லை. என் நம்பர்னா எடுக்கிறதில்லை. ஹொஸ்பேட்டையில ஓட்டல் முதலாளி போன்ல இருந்து ஒரு தடவை அடிச்சேன். எடுத்தாள். "நான்தான்"ன்னேன். பின்னால பஸ் ஹாரன் சத்தம் கேக்குது. அப்புறம் சொல்றா சார், கோபமா இல்லை, சாதாரணமாச் சொல்றா:

"நீங்கதான் எங்கூட இருக்கீங்களே. பேப்பர்ல இருக்கீங்க, ரேஷன் கார்டுல இருக்கீங்க, உங்க பங்கு அரிசியையும் நான்தான் வாங்கிப் பொங்குறேன். அந்த ஆளு போதும் எனக்கு. அவருக்குக் கறி எடுக்க வேண்டியதில்லை. நீங்க வராதீங்க. வந்தா சோறு பத்தாது."

கட் பண்ணிட்டாள்.

நான் ஒரு வாரம் யோசிச்சேன். யோசிச்சுப் பார்த்தா அதுலயும் என் நியாயம்தான் சார் இருக்கு. ஆள் இல்லாமலேயே என் பேர்ல அரிசி வருது பாருங்க! என்னால அந்த வீட்டுக்கு ஒரு காசு செலவு உண்டா? வரவுதான். அதைக்கூட நினைச்சுப் பார்க்க மாட்டேங்கிறாள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவ என்னடான்னா, "நீங்க செலவில்லாமச் சுத்தினது நிஜம்தாம்ப்பா. செலவெல்லாம் அம்மாவுக்குல்ல ஆச்சு"ங்கிறா. திருப்பூர்ல போய் நல்லாப் பேசக் கத்துக்கிட்டா. எந்தச் செலவு? நான் என்னைக்காவது பஞ்சவர்ணத்தை மணியார்டர் அனுப்புன்னு கேட்டிருக்கேனா?

இந்த வருஷம் சிவராத்திரிக்கு நான் வரலை. குலசாமிக்கு மாலையில்லாமப் போச்சோ என்னமோ.

சார், நீங்க ரிட்டயர் ஆனதும் ஊர் சுத்தணும்னு சொன்னீங்கள்ல, தாராளமாச் சுத்துங்க. பயப்படாதீங்க. நான் சொல்றபடி செஞ்சா உங்களுக்கும் செலவே ஆகாது. உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க? இன்னும் சொல்லலையா? சொல்ல வேண்டாம். கிளம்புற அன்னைக்குச் சொன்னாப் போதும்.

அந்தா, கண்டக்டர் விசில் அடிக்கிறார். மொட்டப்பாறை விலக்கு. ஆமா சார், இதுதான். இல்லை, எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. நீங்க ஜன்னலைவிட்டு நகராதீங்க, அப்படியே உக்காருங்க. கொஞ்சம் முன்னாடி சாய்ஞ்சு உக்காந்தீங்கன்னா நல்லது. என் செருப்பு வார் அறுந்திருக்கு, நான் குனிஞ்சு மாட்டிக்கிறேன்.

பச்சைச் சேலை வருதா? கூடை இடுப்புல இருக்கா? அவதான். அவகிட்ட ரெண்டு முழம் வாங்குங்க சார். விலை பேசாதீங்க. சொன்னதைக் கொடுத்துடுங்க.

...

வண்டி கிளம்பிடுச்சா? சரி, இப்ப நிமிரலாம்.

பூ நல்லா நெருக்கமாக் கட்டியிருக்கா பாருங்க. அவ முழமே கொஞ்சம் நீளம், கை நீளம் அவளுக்கு. ஒரு காலை இழுத்துக்கிட்டா நடந்தா? ரெண்டு காலையுமா? நடந்தா சரியாயிடும் சார். நீங்க என்னமோ அவகிட்டப் பேச்சுக் கொடுத்தீங்களே, என் காதுக்கு எல்லாம் கேக்கும். "வீட்டுக்காரர் என்னம்மா செய்றாரு?"ன்னு கேட்டீங்கதானே? கேக்காம இருந்திருக்கலாம். ஆனா அவ சொன்னதைக் கேட்டீங்களா?

"வீட்டுலதாங்க இருக்காரு."

கேட்டீங்கள்ல? அவ வாயாலேயே சொல்லிட்டா. கூடத்தான் இருக்கேன். நான் அன்னைக்குச் சொன்னதில என்ன தப்பு?

டிக்கெட்டா? கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார் சார். ஆண்டிபட்டி வரைக்கும் எடுத்திருக்கேன். இந்த மூணு மாசத்துல இது நாலாவது தடவை, அவருக்கே என்னைத் தெரியும்.

இந்தாங்க, பூக்காசைப் பிடிங்க. இல்லை இல்லை, நீங்க வாங்கித்தான் ஆகணும். பூ உங்க வீட்டம்மாவுக்கு, காசு என்னோடது. யாருக்கும் பாக்கி வைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.